ஒரே வாப்பா, இரு பார்வைகள்: மகனும் மகளும் பெற்றோரைக் காணும் விதம்



புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் எமது நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

அன்பார்ந்த பெற்றோர்களே! இளைஞர்களே! யுவதிகளே!

உங்கள் வீட்டில் கட்டிளமைப் பருவத்தில் ஒரு மகனும் ஒரு மகளும் இருக்கின்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரையும் தனித்தனியே அழைத்து, "வாப்பா எப்படிப்பட்டவர்? உம்மா எப்படிப்பட்டவர்?" என்று மூன்றாம் நபர் ஒருவர் கேட்டால், இருவரும் ஒரே பதிலையா கூறுவார்கள்? நிச்சயமாக இல்லை. ஒரே கூரையின் கீழ், ஒரே சட்டியில் சமைத்த சோற்றை உண்டு வளர்ந்த பிள்ளைகள், இரு வேறு தந்தையரைப் பற்றியும் இரு வேறு தாய்மாரைப் பற்றியும் பேசுவது போலப் பேசுவார்கள். இது ஏன் நிகழ்கின்றது, இதனால் விளையும் தீங்கு யாது, இதற்கு எமது மார்க்கம் காட்டும் வழி யாது என்பவற்றையே இக்கட்டுரையில் விளக்க விரும்புகின்றேன்.

கரம்பொன்னில் கேட்ட ஒரு வார்த்தை

எனது குடும்பத்தில் நடந்த ஒரு சம்பவத்துடன் தொடங்குகின்றேன். நாம் யாழ்ப்பாணம் சோனகத்தெருவைச் சேர்ந்தவர்கள். எனது வாப்பா ஒரு தையற்காரர். பண்ணைப் பாலத்தைக் கடந்து, ஊர்காவற்றுறை செல்லும் பஸ்ஸில் நாள்தோறும் பயணித்து, கரம்பொன்னில் வீதியோரமாக ஒரு சிறிய தையற்கடையை நடத்தி வந்தார். தனிநாயகம் அடிகளார் 1913 ஆம் ஆண்டு பிறந்த ஊர் என்று தமிழுலகம் அறிந்த அதே கரம்பொன்தான். சண்முகநாத வித்தியாலயத்துப் பையன்களின் காற்சட்டைகளையும், சிறிய புஷ்ப மகளிர் பாடசாலைப் பிள்ளைகளின் வெள்ளைச் சீருடைகளையும் தைத்தே எமது குடும்பம் உண்டது.

1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் தீவகம் போர்க்களமானபோது கடை மூடப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி, யாழ்ப்பாண முஸ்லிம்கள் அனைவரும் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது நாமும் வெளியேறினோம். அப்போது எனக்கு மூன்று வயது. எனது ராத்தாவுக்கு ஐந்து வயது. எமது கட்டிளமைப் பருவம் முழுவதும் புத்தளத்தில், கிடுகு வேய்ந்த குடிசையில் கழிந்தது. போர் முடிந்த பின்னர், 2010 ஆம் ஆண்டு வாப்பா கரம்பொன்னுக்குத் திரும்பி, பழைய இடத்துக்கு அருகிலேயே மீண்டும் ஒரு தையல் இயந்திரத்தை வைத்தார். 2016 ஆம் ஆண்டு அவர் வபாத்தானார். அல்லாஹ் அன்னாரைப் பொருந்திக்கொள்வானாக.

சில ஆண்டுகளுக்குப் பின்னர், ராத்தாவும் நானும் அந்தக் கடையைப் பார்ப்பதற்காகக் கரம்பொன் சென்றோம். பக்கத்துக் கடையிலிருந்த முதியவர் ஒருவர் எம்மை இருக்கச் செய்து, தேநீர் தந்து, ராத்தாவைப் பார்த்துக் கூறினார்:

"பிள்ளை, நீர்தானே அந்த மூத்த மகள்? மனுசன் கதை தொடங்கினால் உம்மைப் பற்றித்தான். 'என்ர மகள் குப்பி விளக்கில படிச்சுப் பாஸ் பண்ணினவள்' எண்டு, துணி குடுக்க வாற ஆக்களுக்கெல்லாம் சொல்லுவார்."

ராத்தா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். நெடுநேரம் பேசவில்லை. திரும்பி வரும் வழியில் ஒரே ஒரு வாக்கியத்தையே சொன்னார்: "தம்பி, இத வாப்பா என்னட்ட ஒரு நாளும் சொல்ல இல்லையே."

அன்றுதான் நாம் இருவரும் முதன்முறையாக எமது வாப்பாவைப் பற்றி மனந்திறந்து பேசினோம். தான் பருவமடைந்த நாளிலிருந்து வாப்பா தன்னுடன் பேசுவதைக் குறைத்துக்கொண்டார் என்றும், அதனை வெறுப்பு என்றே தான் எண்ணியிருந்ததாகவும் ராத்தா கூறினார். "நீ எந்நேரமும் வாப்பாட பக்கத்திலேயே இருந்தாய்" என்றார். நானோ, பாடசாலை விட்டதும் வாப்பாவின் இயந்திரத்துக்கு அருகில் அமர்ந்து நூல் வெட்டியவன். அந்த ஆண்டுகளில் அவர் என்னிடம் பேசியவற்றுள் என் நினைவில் நின்றவை கட்டளைகளும் கண்டனங்களும் மாத்திரமே. "உங்களை அவர் ஒரு நாளும் ஏசவில்லையே" என்று நான் அவரிடம் கூறினேன். அவர் எனது அண்மையைப் பார்த்து ஏங்கினார். நான் அவருக்குக் கிடைத்த மென்மையைப் பார்த்து ஏங்கினேன். இருவரும் நேசிக்கப்பட்டோம். இருவரும் அதனை அறியாதிருந்தோம்.

ஆய்வுகள் உணர்த்துவது யாது?

இது எமது வீட்டில் மாத்திரம் நிகழ்ந்த விடயமன்று. உலக சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்புடன், 1980 களிலிருந்து ஐரோப்பிய நாடுகளிலும் கனடாவிலும் பாடசாலை மாணவர்களிடையே ஓர் ஆய்வு தொடர்ந்து நடத்தப்பட்டு வருகின்றது. 11, 13, 15 வயதுடைய பிள்ளைகளிடம், "உன்னை உண்மையாகவே வருத்தும் விடயங்களைத் தாயிடம் பேசுவது எளிதா? தந்தையிடம் பேசுவது எளிதா?" என்று அதில் வினவப்படுகின்றது. நாடுகள் வேறுபட்டாலும் பதில்களின் போக்கு பெரிதும் ஒத்திருக்கின்றது. ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் தந்தையைவிடத் தாயிடம் பேசுவதையே எளிதாகக் காண்கின்றனர். தந்தையிடம் பேசுவது எளிது என்று கூறுவோர் பெண் பிள்ளைகளிடையே ஆண் பிள்ளைகளைவிடக் குறைவு. வயது ஏற ஏற இருபாலாரிடமும் அந்த எளிமை குறைந்து செல்கின்றது.

அமெரிக்க உளவியலாளர்களான ஜேம்ஸ் யூனிஸ், ஜாக்குலின் ஸ்மொல்லர் ஆகியோர் 1985 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலும் இதே சித்திரமே தென்படுகின்றது. பிள்ளைகள் தாயுடன் சண்டையும் பிடிக்கின்றனர், இரகசியமும் பகிர்கின்றனர். தந்தையுடனான பேச்சு பெரும்பாலும் படிப்பு, எதிர்காலம், நடைமுறை விடயங்கள் என்பவற்றோடு நின்றுவிடுகின்றது. தந்தைக்கும் மகளுக்கும் இடையிலேயே தூரம் மிகுதியாகக் காணப்படுகின்றது.

மற்றுமொரு உண்மையையும் பெற்றோர் மனதிற் பதித்துக்கொள்ள வேண்டும். பெற்றோரின் அன்பு பிள்ளையின் வாழ்வில் ஏற்படுத்தும் விளைவைப் பல நாடுகளிலும் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர் ரொனால்ட் ரோனர் என்ற அறிஞர். பெற்றோர் தம் உள்ளத்தில் எவ்வளவு அன்பு வைத்திருக்கின்றார்கள் என்பதைவிட, அந்த அன்பைப் பிள்ளை எவ்வளவு உணர்கின்றது என்பதே பிள்ளையின் மனநலத்தோடு நெருங்கிய தொடர்புடையது என்பது அவரது ஆய்வின் சாரம். தந்தையின் அன்பும் இவ்விடயத்தில் தாயின் அன்பைப் போன்றே கனமுடையது என்பதும் அவ்வாய்வுகளில் வெளிப்பட்டது. உள்ளத்தில் பூட்டி வைத்த அன்பு பெட்டியில் பூட்டி வைத்த அரிசியைப் போன்றது. அது வீட்டில் இருப்பது உண்மையே. ஆயினும் பிள்ளையின் பசி அதனால் தீர்வதில்லை.

இவையெல்லாம் பொதுவான போக்குகள் என்பதையும் மறந்துவிடலாகாது. வாப்பாவிடமே எல்லாவற்றையும் கூறும் மகளும் உண்டு. உம்மாவின் மடியை விட்டு அகலாத மகனும் உண்டு. உங்கள் பிள்ளை எத்தகையது என்பதை நீங்கள்தான் அறிதல் வேண்டும்.

மகள் காணும் பெற்றோர்

பெண் பிள்ளைகள் சராசரியாக ஆண் பிள்ளைகளைவிட ஓரிரு ஆண்டுகள் முன்னதாகவே பருவமடைகின்றனர். அந்த நாள் வரை வாப்பாவின் சைக்கிளில் முன்னால் அமர்ந்து சென்றவள், அடுத்த நாள் முதல் வேறொருத்தியாக நடத்தப்படுகின்றாள். உடை மாறுகின்றது. வெளியே செல்லும் நேரம் சுருங்குகின்றது. இவற்றுட் சில மார்க்கத்தின் கட்டளைகள். சில ஊர் வழக்கங்கள். எது மார்க்கம், எது வழக்கம், எது பெற்றோரின் அச்சம் என்று அவளுக்கு எவரும் விளக்குவதில்லை. அதே வேளையில், வெட்கத்தினாலோ மரியாதையினாலோ தந்தை அவளிடமிருந்து விலகி நிற்கின்றார். தந்தை அதனைக் கண்ணியம் என்று கருதுகின்றார். மகளோ அதனைக் கைவிடல் என்று விளங்கிக்கொள்கின்றாள்.

தாயுடனான அவளது உறவு வேறு வகையானது. நெருக்கமும் பிணக்கும் ஒருங்கே மிகுந்திருப்பது அங்கேதான். "உம்மா என்னைப் பற்றி எல்லாம் அறிவார்" என்று கூறும் அதே வாயால், "உம்மா என்னை நம்புவதில்லை" என்றும் கூறுவாள். தம்பி மஃரிபுக்குப் பின்னர் வீடு திரும்பினால் ஒரு வார்த்தையும் இல்லை. தான் தனியார் வகுப்பிலிருந்து பத்து நிமிடம் பிந்தி வந்தால் நூறு கேள்விகள். பெற்றோர் காட்டும் கவனம் அவள் கண்ணுக்குச் சந்தேகமாகத் தெரிகின்றது.

மகன் காணும் பெற்றோர்

மகனின் மனக்குறை வேறு. அவனுக்கு வெளியே செல்லும் சுதந்திரம் உண்டு. ஆனால், "நீ சாப்பிட்டாயா? முகம் ஏன் வாடியிருக்கின்றது?" என்று அவனிடம் கேட்போர் குறைந்து விடுகின்றனர். பதின்மூன்று வயதுக்குப் பின்னர் அவன் கேட்கும் கேள்விகள் மூன்றே: "எங்கே போனாய்? எத்தனை புள்ளி? காசு எங்கே?" அவன் அழுதால், ஆண் பிள்ளை அழலாமா என்பார்கள். அவன் பேசாமலிருந்தால், தலைக்கனம் என்பார்கள். மகளுக்குத் தரப்படும் பாதுகாப்பு தனக்குத் தரப்படவில்லை என்பதை அவன் சுதந்திரம் என்று வெளியில் கூறிக்கொண்டாலும், கவனிப்பாரற்ற நிலை என்றே பல வேளைகளில் உள்ளே உணர்கின்றான். அந்த வெற்றிடத்தில்தான் தீய நண்பனும், சிகரெட்டும், போதைப்பொருளும், கைத்தொலைபேசியின் இரவுநேர உலகமும் வந்து குடியேறுகின்றன.

ஆண் பிள்ளை தன் மனதை எதிரே அமர்ந்து கூறுவதைவிட, ஏதேனும் ஒரு வேலையைச் சேர்ந்து செய்யும்போதே எளிதில் கூறுகின்றான் என்பது எனது மாணவர்களிடம் நான் கண்ட அனுபவம். எனது வாப்பா என்னைத் தையல் இயந்திரத்துக்கு அருகில் அமர்த்தியதும் ஒருவேளை அவருடைய பாசத்தின் மொழியாக இருந்திருக்கலாம். ஆனால் பதினான்கு வயதுப் பையனுக்கு அந்த மொழி வாசிக்கத் தெரியவில்லை. அவர் அதனை மொழிபெயர்த்துத் தரவுமில்லை.

வீட்டில் இல்லாத தந்தையர்

எமது பிரதேசங்களுக்கே உரிய ஒரு காரணத்தையும் இங்கு கூறியாக வேண்டும். தீவகத்து ஆண்களிற் பலர் கடந்த நூற்றாண்டில் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை வைத்து, குடும்பத்தை ஊரில் விட்டு, பெருநாட்களுக்கும் திருவிழாக்களுக்கும் மாத்திரம் வீடு திரும்பி வாழ்ந்தனர். எமது முஸ்லிம் வியாபாரிகளின் நிலையும் பெரும்பாலும் அதுவே. 1970 களின் பிற்பகுதி முதல் மத்திய கிழக்குத் தொழில்வாய்ப்பு அந்தத் தூரத்தைக் கடல் தாண்டி நீட்டியது. தந்தையர் மாத்திரமன்றித் தாய்மாரும் சென்றனர்.

இத்தகைய வீடுகளில் தாயோ பாட்டியோ தூதுவராகி விடுகின்றார். "வாப்பாவிடம் சொல்லுவேன்" என்று மிரட்டப்படும் வேளைகளில் மாத்திரமே வாப்பா பிள்ளைக்கு நினைவூட்டப்படுகின்றார். மகனுக்கு அவர் ஒரு தண்டனை. மகளுக்கு அவர் பணம் அனுப்பும் ஒரு குரல். அவர் பாலைவனத்து வெயிலில் நின்று, அறையின் சுவரில் ஒட்டிய பிள்ளைகளின் புகைப்படத்தைப் பார்த்துக் கண்ணீர் வடிப்பதைப் பிள்ளைகள் எவ்வாறு அறிவார்கள்? அன்புக்குரிய தந்தையரே, வெளிநாட்டிலிருந்து அழைக்கும்போது தொலைபேசியை மனைவியிடம் மாத்திரம் கேட்காதீர்கள். மகளிடமும் ஐந்து நிமிடம், மகனிடமும் ஐந்து நிமிடம் தனித்தனியே பேசுங்கள்.

அல்குர்ஆன் காட்டும் வீடுகள்

அல்குர்ஆனில் தந்தையும் பிள்ளையும் உரையாடும் இடங்களை ஒன்றாக வைத்துப் பாருங்கள். லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்கு உபதேசிக்கும்போதும் (31:13), நூஹ் (அலை) அவர்கள் வெள்ளத்தின் நடுவே மாறு செய்த மகனைக் கூவி அழைக்கும்போதும் (11:42), யஃகூப் (அலை) அவர்கள் யூஸுபுடன் பேசும்போதும் (12:5), இப்ராஹீம் (அலை) அவர்கள் இஸ்மாயீலுடன் பேசும்போதும் (37:102) பயன்படுத்தப்படும் சொல் 'யா புனய்ய' என்பதாகும். அரபு இலக்கணத்தில் இது சிறுமைப்படுத்திச் செல்லமாக அழைக்கும் வடிவம். கப்பலில் ஏற மறுத்த மகனைக்கூட நபி நூஹ் அவர்கள் அந்தச் செல்லச் சொல்லாலேயே அழைத்தார்கள். எமது வீடுகளில் புள்ளி குறைந்த மகனை எந்தச் சொல்லால் அழைக்கின்றோம்?

பிள்ளைகள் தந்தையை அழைக்கும் சொல் 'யா அபதி' என்பதாகும். யூஸுப் (அலை) தமது கனவைத் தந்தையிடமே முதலில் கூறினார்கள் (12:4). இஸ்மாயீல் (அலை) தந்தையின் கேள்விக்குப் பதிலளித்ததும் இச்சொல்லாலேயே. இதே சொல்லை ஒரு மகளும் கூறுகின்றாள். மத்யன் நகர்ப் பெரியவரின் புதல்வியருள் ஒருத்தி, மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்துமாறும், அவர் பலமும் நம்பிக்கையும் உடையவர் என்றும் தந்தைக்கு ஆலோசனை கூறுகின்றாள் (28:26). தந்தை அவளை, "பெண் பிள்ளைக்கு இங்கே என்ன பேச்சு?" என்று அதட்டவில்லை. அவளது ஆலோசனைக்குச் செவிமடுத்து அடுத்த காரியத்தில் இறங்கினார். மகளின் கண்ணையும் அறிவையும் நம்பிய தந்தை அவர்.

மூஸா நபியின் தாயாரோ, தமது வாழ்வின் மிகப் பெரும் ஆபத்தின்போது குழந்தை சென்ற வழியைப் பின்தொடரும் பணியைத் தம் மகளிடமே ஒப்படைத்தார் (28:11). அந்தச் சகோதரி மிகுந்த சாமர்த்தியத்துடன் அதனை நிறைவேற்றினாள். ஆகவே, பெண் பிள்ளையைப் பாதுகாப்பது என்பதும் அவளை நம்பிப் பொறுப்புக் கொடுப்பது என்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

பார்வை பிழைத்தால் என்ன நிகழும் என்பதற்கும் அல்குர்ஆனில் சான்றுண்டு. தம்மைவிட யூஸுபையும் அவரது சகோதரரையுமே தந்தை அதிகம் நேசிக்கின்றார் என்று யூஸுபின் சகோதரர்கள் எண்ணினர் (12:8). அந்த எண்ணம் அவர்களைக் கிணற்றின் விளிம்பு வரை கொண்டு சென்றது. ஆனால் அதே தந்தை, பிற்காலத்தில் அவர்கள் அனைவரும் பிரயாணம் புறப்பட்டபோது, ஒரே வாசலால் நுழையாமல் வெவ்வேறு வாசல்களால் நுழையுமாறு கவலையுடன் கூறி அனுப்பினார் (12:67). அவர்கள் மீதும் அவருக்கு அன்பிருந்தது. அவர்களது கண்ணுக்கு அது தெரியவில்லை.

நபி (ஸல்) அவர்களின் முன்மாதிரி

பாத்திமா (ரழி) அவர்கள் வீட்டினுள் நுழைந்தால் நபி (ஸல்) அவர்கள் எழுந்து சென்று, கையைப் பிடித்து, முத்தமிட்டு, தமது இடத்தில் அமர்த்துவார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்த செய்தி அபூதாவூத், திர்மிதி ஆகிய கிரந்தங்களில் பதிவாகியுள்ளது. பாத்திமா (ரழி) அப்போது சிறு பிள்ளையல்ல, வளர்ந்த பெண். தமது இறுதி நோயின்போது நபியவர்கள் அவரை அழைத்துக் காதோடு ஒரு செய்தியைக் கூறினார்கள், அவர் அழுதார். மீண்டும் ஒன்றைக் கூறினார்கள், அவர் சிரித்தார். நபியவர்கள் வபாத்தாகும் வரை அந்த இரகசியத்தை அவர் எவரிடமும் வெளியிடவில்லை என்று புகாரியில் காண்கின்றோம். தந்தை மகளிடம் இரகசியம் பகிரும் உறவு அது. மகள் பருவமடைந்துவிட்டாள் என்பதற்காகப் பேச்சையே நிறுத்திக்கொள்வது கண்ணியமன்று, சுன்னாவும் அன்று.

ஆண் பிள்ளைகள் விடயத்தில் நபியவர்களின் நடைமுறை யாது? தமக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையேனும் முத்தமிட்டதில்லை என்று பெருமையாகக் கூறிய அக்ரஃ இப்னு ஹாபிஸ் என்பவரிடம், இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் காட்டப்படாது என்று நபியவர்கள் எச்சரித்தார்கள் (புகாரி). விபசாரத்துக்கு அனுமதி கேட்டு வந்த இளைஞனைச் சபையோர் அதட்டியபோது, நபியவர்கள் அவனை அருகில் அழைத்து அமர்த்தி, கேள்விகளால் அவனையே சிந்திக்க வைத்து, அவனது நெஞ்சில் கையை வைத்துப் பிரார்த்தித்தார்கள் (அஹ்மத்). இன்று அத்தகைய கேள்வியுடன் ஓர் இளைஞன் தன் வாப்பாவிடம் வர முடியுமா? வர முடியாவிட்டால் அவன் யாரிடம் செல்வான்?

ஒரு பிள்ளைக்கு மாத்திரம் அன்பளிப்புச் செய்த நுஃமான் இப்னு பஷீர் (ரழி) அவர்களின் தந்தையிடம், ஏனைய பிள்ளைகளுக்கும் இவ்வாறே கொடுத்தீரா என்று நபியவர்கள் வினவி, பிள்ளைகளிடையே நீதியாக நடக்குமாறு பணித்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. இந்த நீதி சொத்தில் மாத்திரமா? புன்னகையிலும், பேச்சிலும், மன்னிப்பிலும் இல்லையா?

பெற்றோர்களே, நீங்கள் செய்ய வேண்டியவை

முதலாவது, வாயால் கூறுங்கள். ஊராரிடம் பிள்ளையைப் புகழ்வதற்கு முன்னர் பிள்ளையிடமே புகழுங்கள்.

இரண்டாவது, உளவு பார்ப்பதைவிடச் செவிமடுப்பதில் நேரத்தைச் செலவிடுங்கள். சுவீடனைச் சேர்ந்த ஆய்வாளர்களான ஹாக்கான் ஸ்டட்டின், மார்கரெட் கெர் ஆகியோர் 2000 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இவ்விடயத்தில் முக்கியமானது. பிள்ளைகளின் நடமாட்டத்தைப் பற்றிப் பெற்றோர் அறிந்து வைத்திருப்பவற்றுட் பெரும்பகுதி, கண்காணிப்பினால் கிடைத்ததன்று. பிள்ளைகள் தாமாகவே கூறியதனால் கிடைத்தது என்று அவர்கள் கண்டனர். பிள்ளை பேசினால்தான் உங்களுக்குத் தெரியும். ஏசாமல் கேட்டால்தான் பிள்ளை பேசும். மகனோ மகளோ வாய் திறக்கும் வேளையில் உங்கள் கையிலுள்ள வேலையை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

மூன்றாவது, கட்டுப்பாட்டுக்குக் காரணம் கூறுங்கள். மகளுக்கு விதிக்கும் நேரக்கட்டுப்பாடு அவள் மீதுள்ள சந்தேகத்தினால் அன்று என்றால், அதனை அவளிடம் கூறுவதில் என்ன தடை? மகனுக்கும் வீடு திரும்பும் நேரம் ஒன்றை விதியுங்கள். பார்வையைத் தாழ்த்துமாறு ஆண்களுக்கும் பெண்களுக்கும் அல்லாஹ் கட்டளையிட்டிருக்கும்போது (24:30-31), ஒழுக்கத்தை மகளிடம் மாத்திரம் எதிர்பார்ப்பது எவ்வகையில் நியாயம்?

நான்காவது, வீட்டு வேலையைப் பங்கிடுங்கள். நபி (ஸல்) அவர்கள் வீட்டாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் கூறியுள்ளார்கள் (புகாரி). மகன் உண்ட பீங்கானை மகள் கழுவ வேண்டும் என்ற சட்டம் எந்தக் கிரந்தத்திலும் இல்லை.

ஐந்தாவது, பிள்ளையின் அந்தரங்கத்தை மதியுங்கள். பருவமடைந்த பிள்ளைகள் அனுமதி பெற்றே அறைக்குள் நுழைய வேண்டும் என்று ஸூரத்துன் நூர் கற்பிக்கின்றது (24:59). வளர்ந்தோருக்கு மறைவான இடமும் நேரமும் உண்டு என்பதை ஏற்கும் மார்க்கம் இது. பிள்ளையின் கதவையும் தட்டிவிட்டு நுழையுங்கள்.

இளைஞர்களே, யுவதிகளே, உங்களுக்கும் சில வார்த்தைகள்

பெற்றோரிடம் 'சீ' என்ற சலிப்புச் சொல்லைக்கூடக் கூறலாகாது என்பது அல்லாஹ்வின் கட்டளை (17:23). ஆனால் கண்ணியமாக மனதைத் திறப்பது மாறு செய்தலாகாது. மேலே கண்ட மத்யன் நகர்ப் பெண் தன் கருத்தைக் கூறினாள், அவள் குற்றவாளியாகவில்லை. "வாப்பா, நீங்கள் என்னோடு பேசாதது எனக்குக் கவலையாக இருக்கின்றது" என்று ஒரு மகள் கூறினால், எந்தக் கல் நெஞ்சமும் உருகும். நேரிற் கூற வெட்கமாயின் ஒரு துண்டுக் கடிதம் எழுதி அவரது சட்டைப் பையில் வையுங்கள்.

உங்கள் பெற்றோர் பேசும் மௌன மொழியையும் வாசிக்கப் பழகுங்கள். பஸ் தரிப்பிடத்தில் வந்து காத்து நிற்பது, மீனின் நடுத்துண்டை உங்கள் பீங்கானில் வைப்பது, தமது செருப்பைத் தைத்துப் போட்டுக்கொண்டு உங்களுக்குப் புதிய சப்பாத்து வாங்குவது: இவையும் வார்த்தைகளே. அன்பைப் பேசிக் காட்டும் வழக்கம் அவர்களுக்கும் எவரும் கற்பிக்கவில்லை. அகதி முகாமில் வளர்ந்த தலைமுறைக்கு உயிர் பிழைப்பதே பாடமாக இருந்தது.

சகோதரனே, உனக்குக் கிடைக்கும் சுதந்திரத்தை உன் சகோதரிக்கு எதிராகப் பயன்படுத்தாதே. அவளுக்காகப் பெற்றோரிடம் பேசு. சகோதரியே, உன் சகோதரனின் மௌனத்துக்குப் பின்னாலும் ஒரு காயம் இருக்கலாம். அவனிடமும் நலம் விசாரி. உங்கள் வீட்டில் நீங்கள் காணாத பாதியைக் காண்பவர் உங்கள் உடன்பிறப்பே.

எனினும், அடியும் வன்முறையும் துஷ்பிரயோகமும் நிகழும் வீடுகளும் உண்டு. அவற்றை மௌனமாகச் சகித்துக்கொள்ளுமாறு மார்க்கம் கூறவில்லை. அத்தகைய நிலையிலுள்ள பிள்ளை, நம்பிக்கைக்குரிய உறவினரையோ ஆசிரியரையோ நாட வேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

நிறைவாக

அன்பார்ந்தவர்களே! கரம்பொன்னில் அந்த முதியவர் கூறிய செய்தி எனது ராத்தாவுக்கு ஆறுதலாகவும் இருந்தது, வேதனையாகவும் இருந்தது. தன் தந்தை தன்னை நேசித்தார் என்பதை ஒரு மகள், தந்தையின் ஜனாஸா அடக்கப்பட்ட பின்னர், பக்கத்துக் கடைக்காரரின் வாயால் அறிய வேண்டியிருந்தது. இப்போது அவர் ஒவ்வொரு தொழுகையின் பின்னரும் வாப்பாவுக்காகத் துஆக் கேட்கும்போது நெடுநேரம் அமர்ந்திருக்கின்றார். நானும் என் மகனை அருகில் அமர்த்தி வேலை வாங்கும் வேளைகளில், கட்டளையோடு ஒரு நல்ல வார்த்தையையும் சேர்த்துக் கூறப் பழகி வருகின்றேன். அது எளிதன்று, எமக்கு அவ்வழக்கம் இருக்கவில்லை.

இதனை வாசித்து முடித்ததும், இன்றிரவே உங்கள் மகனையும் மகளையும் தனித்தனியே அழைத்து ஒரு கேள்வி கேளுங்கள்: "நான் உன்னோடு நடந்துகொள்ளும் முறையில் உனக்குக் கவலை தரும் விடயம் ஏதேனும் உண்டா?" பதில் கசப்பாக இருந்தாலும் கோபிக்காதீர்கள். நீங்கள் உயிரோடு இருக்கும்போதே அந்தப் பதில் உங்கள் காதில் விழுவது அல்லாஹ்வின் அருளாகும்.

எமது வீடுகளை அன்பும் நீதியும் நிலவும் வீடுகளாக ஆக்கி, எமது பிள்ளைகளை எமக்குக் கண்குளிர்ச்சியாகவும், எம்மை அவர்களுக்கு நிழலாகவும் ஆக்கி வைக்க வல்ல நாயன் அல்லாஹ்வைப் பிரார்த்திக்கின்றேன். ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.